மேசைக்கு எந்தத் தொட்டி? மண்ணும் பீங்கானும்

வீட்டுக்குள் செடி வைக்கும்போது நாம் செடியின் பக்கம் நின்றே தொட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம். வேருக்குக் காற்று போகுமா, மண் சீக்கிரம் காயுமா என்றெல்லாம் நர்சரியில் விசாரிப்போம். அந்தத் தொட்டியை நாள் முழுக்கச் சுமக்கப்போகிற தேக்கு டீபாயைப் பற்றியோ, பாட்டி வீட்டிலிருந்து வந்த அலமாரியைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. மரச்சாமானின் பக்கம் நின்று இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, அடியில் மண்தட்டு வைத்த சுட்ட மண்தொட்டி. மற்றது, செடியோடு வரும் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைப்பது.

மேசைமேல் கொஞ்சம் தண்ணீர் சிந்துவது பெரிய கேடில்லை, துடைத்தால் போயிற்று. காற்றுப் படாத இடத்தில் ஈரம் தங்குவதுதான் மரத்தைக் கெடுக்கிறது. இரண்டு தொட்டிகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே எடைபோடுகிறேன்.

மண்தொட்டியின் உடம்பு முழுக்க நுண்துளைகள். பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணமான அதே கசிவும் ஆவியாதலும் இதிலும் நடக்கின்றன. தொட்டியின் பக்கச் சுவரில் கசிகிற ஈரம் காற்றோடு போய்விடும். செடிக்கு அது நல்லது, வேர் எளிதில் அழுகாது. ஆனால் அடிப்பாகத்தில் கசிகிற ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அதைத் தாங்கத்தானே தட்டு இருக்கிறது என்று நினைப்போம். மெருகு பூசாத மண்தட்டும் அதே களிமண்தான், அதுவும் ஊறும். மேலே தேங்கிய தண்ணீர் தட்டுக்குள் இறங்கி அதன் அடியைத் தொட்டதும், தட்டுக்கும் மேசைக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. செடிக்குத் தண்ணீர் விட்ட அன்றிரவு, மண்தட்டின் அடியில் செய்தித்தாளை நான்காக மடித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். தட்டின் விளிம்பு அழுந்திய இடத்தில் தாள் வட்டமாக நைந்து, விரலால் தொட்டாலே பிய்ந்து வரும். மேசைமேல் ஒரு சொட்டும் சிந்தியிருக்காது, தட்டும் வழிந்திருக்காது. மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. தாள் இல்லாத நாட்களில் அந்த ஈரத்தையெல்லாம் மேசைதான் வாங்கிக்கொள்கிறது.

முதலில் வருவது வெண்வட்டம். அரக்கு பாலிஷ் போட்ட பழைய சாமான்களில் இது சீக்கிரம் தெரியும். ஈரம் மெருகுப் படலத்துக்குள் புகுந்து அதை மங்கலாக்குகிறது, மரத்துக்குள் இன்னும் போகவில்லை. அடுத்தது கருவட்டம். படலத்தைத் தாண்டி மரத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டதற்கு அடையாளம் அது. பூஞ்சையாலும் கறுக்கலாம். மரத்திலுள்ள டானின், இரும்போடு ஈரத்தில் சேர்ந்தாலும் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான். இரும்பு எங்கிருந்து வரும் என்று தேட வேண்டாம்: துருப்பிடித்த ஸ்டாண்டின் கால் போதும், சில ஊர்களில் போர்வெல் தண்ணீரே போதும். போதாக்குறைக்கு, இப்போது பல தொட்டிகளில் தேங்காய் நார்த்தூள்தான் நிரப்புகிறார்கள். சரியாக அலசாத நார்த்தூளிலிருந்து வடிகிற பழுப்புத் தண்ணீரும் கறை பிடிக்கும்.

மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத்தண்ணீரும் உரமும் விட்டுப்போகிற படிவு அது. சுவரைத் தாண்டித் தண்ணீர் வெளியே வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி பீங்கான். நன்றாக வெந்து இறுகிய பீங்கான் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சாதாரணச் சுட்ட மண்ணோ 10 சதவீதம் அளவுக்கும் அதற்கு மேலும் உறிஞ்சும். மேசைக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான். ஆனால் கடையில் பளபளப்பாக இருப்பதெல்லாம் இறுகிய பீங்கான் என்று நம்பிவிடக் கூடாது. குறைந்த சூட்டில் சுட்ட மண்ணுக்கு மேலே மெருகு பூசிய தொட்டிகளும் அதே அலமாரியில் நிற்கும். கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு படாத ஒரு வளையம் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நின்றால் வாங்கலாம். கண்ணெதிரே உறிஞ்சிக்கொண்டால் அதுவும் மேசைக்கு மண்தொட்டிதான்.

பீங்கான் ஏற்பாட்டின் உண்மையான பலம் வேறொன்று. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிவிடலாம். தண்ணீர் ஊற்றும் வேலையே மேசைக்கு வெளியே போய்விடுகிறது. குளியலறையிலோ துணி துவைக்கும் இடத்திலோ வைத்து நன்றாக ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு, அடியைத் துடைத்துப் பீங்கானுக்குள் இறக்கினால் போதும். கனமான மண்தொட்டியை யாரும் இப்படித் தூக்கிக்கொண்டு போவதில்லை. இருந்த இடத்திலேயே ஊற்றுவார்கள், அதற்கான விலையை மேசை கொடுக்கும்.

பீங்கானிடம் குறை இல்லாமல் இல்லை. மண்தொட்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது என்றால், பீங்கான் எல்லாவற்றையும் மறைத்து வைத்து ஒரே நாளில் கெடுக்கக்கூடியது. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது வெளியே தெரியாது. மேசையில் வைத்தபடியே ஊற்றுகிற வீட்டில் ஒருநாள் அது விளிம்பு தாண்டும். அதற்கு முன்பே செடியின் வேர் அழுகத் தொடங்கியிருக்கும்.

இலைவழியே வரும் தண்ணீரையும் சொல்ல வேண்டும். மணிபிளாண்ட், பீஸ் லில்லி போன்ற சேம்பு இனத்துச் செடிகள், மண் ஈரமாகவும் காற்று புழுக்கமாகவும் இருக்கிற இரவுகளில் இலை நுனியிலிருந்து சொட்டும். வேர் தள்ளுகிற தண்ணீர் ஆவியாக முடியாமல் நுனித் துளைகள் வழியே வெளியேறுகிறது. இந்தச் சொட்டு தட்டுக்கு வெளியே, அரை அடி தள்ளிக்கூட விழும். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி தங்கும். பிளாஸ்டிக் தொட்டியில் மண் அதிக நேரம் ஈரமாக இருப்பதால் இந்தத் தொல்லை அங்கே கூடுதல். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுவதும், இலைகள் மேசைமேல் கவிழாமல் திருப்பி வைப்பதும்தான் வழி.

எந்தத் தொட்டியானாலும் மேசையோடு ஒட்டி உட்காரக் கூடாது. கால் வைத்த சிறு ஸ்டாண்ட் ஒன்று, அடியில் ஒரு விரற்கடை காற்று ஓட இடம் விட்டால், பாதிப் பிரச்சினை தீரும். இரும்பைவிட பிளாஸ்டிக் கால் நல்லது. சணல் விரிப்பும் கயிற்றுப் பிரிமணையும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து மரத்தோடு அழுத்தி வைத்துவிடும்.

சாமான் எதனால் ஆனது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், ஈரத்தில் பல மரங்களைவிடக் குறைவாகவே உப்பும். அதில் விழுந்த கறையை எடுக்கவும் வழி உண்டு. வெண்வட்டம் சில நாள் நன்றாகக் காயவிட்டாலே மங்கக்கூடும். கருவட்டத்துக்குப் பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்து, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசி வெளுக்கச் செய்து, மறுபடி பாலிஷ் போடுவார்கள். அந்த அமிலம் நச்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அனுபவமுள்ள பாலிஷ்காரரிடம் விடுவதே மேல். எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு ஆகியவற்றில் செய்த டி.வி. ஸ்டாண்டுக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. மர நார்களையோ சில்லுகளையோ பிசினால் அழுத்திச் செய்த பலகை அது. மேல்தாளின் ஓரத்திலோ மூட்டிலோ தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. மண்தொட்டியை அதன்மேல் ஒருநாளும் வைக்காதீர்கள்.

செடியை மட்டும் பார்த்தால் மண்தொட்டிக்கே என் ஓட்டு. மானாமதுரைச் சூளையிலிருந்து வந்தாலும் உங்கள் ஊர்க் குயவர் வனைந்தாலும், மூச்சுவிடும் அந்தச் சுவர் வேருக்கு வரம். அதற்கான இடம் பால்கனி, மாடி, திண்ணை, சிமெண்டுத் தரை. மரச்சாமான்மேல் செடி வைத்தே ஆக வேண்டும் என்றால், தூக்கி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டியை இறுகிய பீங்கானுக்குள் இறக்கி, கால்வைத்த ஸ்டாண்டின்மேல் வையுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். கை ஈரமானால் அன்றே இடத்தை மாற்றுங்கள்.