இரு வழிச் சொத்து

கோட்டாறு கம்போளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஐம்பது வயதைத் தொடாத ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் தேங்காயெண்ணெய் மேலேயே பழியைப் போட்டார்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "எண்ணெயக் குத்தஞ் சொல்லாதேயும் வேய். அவருக்க மாமனும் இதே வயசிலதான் நெஞ்சப் பிடிச்சுட்டுச் சாஞ்சாரு" என்றார்.

தம் சரக்குக்கு அவர் வக்காலத்து வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1913இல் ருஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். அன்றிலிருந்து குற்றவாளிக் கூண்டில் நிற்பது சாப்பாடுதான். ஆனால் சாப்பாட்டுக்குள் அடங்காத செய்திகளும் வந்தன. 1959இல் டாக்டர் தனராஜ் குழுவினர், சிங்கப்பூரில் சுமார் 9,500 பிணப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து எழுதினர். அங்கே சீனரைவிட இந்தியருக்கு இருதய நோய் ஏறக்குறைய ஏழு மடங்கு. அந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். 1967இல் ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். ரயில்வே ஊழியர்களில் நெய்யும் பாலும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் வடக்கத்தியாரைவிட, தெற்கத்தியார் பல மடங்கு அதிகமாக மாரடைப்பில் இறந்திருந்தார்கள்.

இவை பிறவிக் காரணத்தை நிரூபித்துவிடவில்லை. புகையிலை, தொழில், பழக்கம் என்று எத்தனையோ உண்டு. ஆனால் எண்ணெயை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது என்று காட்டின.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தத்திலும் தானாக ஓடாது. அதைச் சுமந்து செல்லப் புரதங்கள் வேண்டும். அவற்றுக்கு அப்போலிப்போபுரதம் என்று பெயர். கம்போளத்துக்கு வரும் பாரவண்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் ஈரல் என்னும் கிடங்கு சரக்கை இறக்கிக்கொள்கிறது. அப்படி ஒரு சீட்டுதான் 'ஈ' என்ற புரதம். அதில் 299 கண்ணிகள். இரண்டே இடங்களில் ஏற்படும் மாற்றத்தால் மூன்று வகைகள் உண்டாகின்றன. 1980களின் தொடக்கத்தில் இது தெளிவாயிற்று. உலகில் மிகுதியாகக் காண்பது மூன்றாம் வகை. நான்காம் வகை உடையவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாகச் சற்றுக் கூடுதல். இரண்டாம் வகைக்குக் குறைவு. ஆனால் அந்த இரண்டாம் வகையே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், சிலருக்கு வேறொரு கொழுப்பு நோய் தோன்றுகிறது.

1963இல் நார்வேயில் கோரே பெர்க் 'லிப்போபுரதம்-ஏ' என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அதன் அளவைப் பெரும்பாலும் பிறவியே நிர்ணயிக்கிறது. பத்தியம் இருந்தாலும் அதிகம் அசையாது. அது கூடினால் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. பல நாட்டவரை ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தத் தொடர்பு தெற்காசியரிடம் வலுவாக இருப்பதைக் கண்டது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து ஒரு காலத்தில் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிற்று. பெற்ற பிள்ளைகள் பட்ட பாட்டைக் கவிமணி 'மருமக்கள் வழி மான்மிய'த்தில் பாடினார். 1926இல் வந்த திருவிதாங்கூர்ச் சட்டம் பிள்ளைகளுக்கும் உரிமை தந்தது. ஆனால் இரத்தத்தின் சொத்து எந்தச் சட்டத்துக்கும் காத்திருந்ததில்லை. அது எப்போதும் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. இந்தச் சொத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது.

அதற்காக விதியே என்று உட்கார வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயும் நிரபராதி அல்ல. கெட்ட கொழுப்பை அது கூட்டவே செய்கிறது. பிறவிக் கடன் உள்ளவன் புதுக் கடன் வாங்கலாமா? புகையை விடலாம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கலாம், கொழுப்பைக் குறைக்க மருந்தும் இருக்கிறது.

பதினாறு கழிந்த பின் இறந்தவரின் தம்பி என்னைப் பார்க்க வந்தார். வயது நாற்பத்திரண்டு. "நானும் எண்ணெயை நிறுத்திரட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். குறைத்துக்கொள்ளச் சொன்னேன். அதோடு, மாமன் வழியிலும் அப்பன் வழியிலும் யார் யார் எந்த வயதில் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதை டாக்டரிடம் கொண்டுபோய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளவும் சொன்னேன். அவர் அங்கேயே தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். நாலாவது பெயரில் கை நின்றுவிட்டது.