கடலை மறித்த மண்கரை

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அங்கே கிராண்ட்-ப்ரே என்ற ஊருக்குப் போயிருந்தபோது, கூட வந்த நண்பர் "இதுதான்பா அந்தக் கரை" என்று காட்டினார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புல் முளைத்த மண்மேடு, நம்மூர் ஏரிக்கரை மாதிரி. இந்த இடத்துக்கா யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது?

மேலே ஏறி நின்றதும்தான் உறைத்தது. ஏரிக்கரை தண்ணீரை உள்ளே தேக்கி வைக்கும். இது தண்ணீரை வெளியே நிறுத்தி வைக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட தண்ணீர்! ஃபண்டி வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகத்திலேயே அதிகம். கிராண்ட்-ப்ரே இருக்கும் மினாஸ் படுகையில் சில இடங்களில் 50 அடியைத் தாண்டும். நாங்கள் போன நேரம் கரைக்கு வெளியே வெறும் செஞ்சேறு. ஆறு மணி நேரத்தில் அத்தனையும் கடல்.

மிக்மாக் பழங்குடிகள் வாழ்ந்த இந்த மண்ணுக்கு 1680-களில் வந்தவர்கள் அக்கேடியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியானவர்கள். காட்டை வெட்டி வயலாக்குவதைவிடக் கடலோரச் சதுப்பை மறித்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்தார்கள். உப்புப்புல்லை வேரோடு கட்டிகட்டியாக மண்வெட்டியால் வெட்டி எடுத்து அடுக்கினால், வேர்கள் பின்னிக்கொண்டு கரை இறுகிவிடும்.

சரி, உள்ளே பெய்கிற மழைத்தண்ணீர் எப்படி வெளியே போகும்? இங்கேதான் அபுவாட்டோ. கரைக்கு அடியில் குறுக்காக ஒரு மர மதகு, அதற்குள் மேலே கீல் வைத்துத் தொங்கும் ஒரு பலகை. கடல் இறங்கும்போது உள்தண்ணீர் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதுவே பலகையை அழுத்தி மூடிவிடும். திறக்க ஆள் வேண்டாம், மூட ஆள் வேண்டாம். இப்படி இரண்டு மூன்று வருஷ மழையில் உப்பு கழுவிப் போனதும் கோதுமை போடலாம். ஆனால் ஒரு வீட்டுக்காரன் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஊரே சேர்ந்து கட்டணும், ஊரே சேர்ந்து பார்த்துக்கணும். நம்ம குடிமராமத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1755 செப்டம்பர் 5. பிரிட்டிஷ் படையின் ஜான் வின்ஸ்லோ, கிராண்ட்-ப்ரே தேவாலயத்துக்கு ஆண்களை வரச்சொன்னார். வந்தவர்கள் சிறுவர்கள் உட்பட 418 பேர். கதவை அடைத்துவிட்டு உத்தரவை வாசித்தார்கள்: நிலமும் மாடும் அரசருக்கு, நீங்கள் கப்பலுக்கு. 1763 வரை நீடித்த இந்த நாடுகடத்தலில் அந்தப் பகுதி முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள்.

இதை வைத்து லாங்ஃபெலோ 1847-ல் 'எவாஞ்சலின்' என்ற காவியம் எழுதினார். மனுஷர் கிராண்ட்-ப்ரேயைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அந்தக் கற்பனைப் பெண்ணுக்குத்தான் அங்கே சிலை, சிலைக்குத்தான் கூட்டம். கரை மேல் ஏறியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் :-)

எனக்குக் காவியத்தைவிட இதற்கு அடுத்து நடந்ததுதான் மனசை அறுத்தது. 1759 நவம்பரில் பெரும்புயல். பார்க்க ஆளில்லாத கரைகள் பல இடங்களில் உடைந்து, வயலுக்குள் மறுபடி உப்புநீர் புகுந்தது. 1760-ல் அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள நியூ இங்கிலாந்திலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கின. நல்ல விவசாயிகள்தான். ஆனால் இந்தக் கடலுக்குக் கரை கட்டத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பக்கத்தில் எட்வர்டு கோட்டையில் கைதிகளாக இருந்தார்கள். அக்கேடியர்கள்!

அவர்களைத்தான் அந்த வட்டாரத்துக் கரைகளை அடைக்கக் கூட்டிவந்தார்கள். தாத்தா காலத்துக் கரை, தாங்கள் உழுத சதுப்பு, இப்போது இன்னொருத்தர் பெயரில்.

"சும்மாவா வேலை வாங்கினாங்க?" என்று நண்பரைக் கேட்டேன்.

"இல்லப்பா, கூலி கொடுத்தாங்க" என்றார்.

அதற்குமேல் இரண்டு பேருமே பேசவில்லை. கீழே சேற்றின் ஓரத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது.