செஞ்சோற்றுக் கடன்

திருப்போரூர் என்னும் பெயரிலேயே போர் இருக்கிறது. முருகப்பெருமான் கடலில் பொருத தலம் திருச்செந்தூர் என்றும், நிலத்தில் பொருத தலம் திருப்பரங்குன்றம் என்றும், விண்ணிலே தாரகாசுரனை வென்ற தலம் இதுவென்றும் சொல்லும் மரபு உண்டு. அத்தெய்வப் போரை ஆண்டுதோறும் சூரசம்ஹாரத்தில் நினைவுகூரும் நாம், இவ்வூருக்கு வடகிழக்கே கோவளத்திலும், மேற்கே செங்கற்பட்டிலும் மானிடர் செய்த போர்களை மறந்துவிட்டோம். 1752-இல் அவ்விரண்டு கோட்டைகளையும் ஆங்கிலேயப் படைத்தலைவன் கிளைவ் பிரெஞ்சுக்காரரின் பக்கத்தாரிடமிருந்து பறித்தான். ஆறாண்டுகள் கழித்து, அச்செங்கற்பட்டைச் சார்ந்து நின்று சென்னைக்காகப் போராடியவர்களுள் ஒருவன் நம் நாட்டவன்.

அவன் யூசுப்கான். பனையூரில் வேளாளர் குடியில் மருதநாயகமாகப் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவன் என்று மரபு கூறும். மக்கள் வாக்கிலே அவன் கும்மந்தான் கான்சாகிபு. கூலிக்கு வாள் ஏந்தியவனே எனினும், உண்ட சோற்றுக்கு இரண்டகம் நினையாதவன். 1754-இல் திருச்சிராப்பள்ளிப் பாளையத்தில் பொன்னியப்பன் என்னும் துபாஷி, அவன் மைசூராரோடு உறவாடுவதாகப் பொய்க்கடிதம் ஒன்றைப் புனைந்தான். விசாரணையில் வஞ்சகம் வெளிப்படவே, துபாஷி பீரங்கி வாயிலே கட்டிச் சுடப்பட்டான். யூசுப்கானோ ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவனானான்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபொழுது செங்கற்பட்டைக் கைப்பற்றாமல் விட்டுச் சென்றது அவனுக்குப் பெரும் பிழையாய் முடிந்தது. தெற்கேயிருந்து சிப்பாய்களுடனும் குதிரைகளுடனும் விரைந்து வந்த யூசுப்கான், அக்கோட்டையிலிருந்த காப்டன் பிரெஸ்டனோடு சேர்ந்து, முற்றுகையாளர்க்கு வரும் தானியத்தையும் மாடுகளையும் வழிமறித்து, பரங்கிமலையிலும் நேர்நின்று பொருது, அவர்களை இரவும் பகலும் அலைக்கழித்தான். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் தோன்ற, லாலி பின்வாங்கினான். சென்னையைக் காத்த புகழைக் கப்பல்களுக்கே கொடுத்துவிடுவது நீதியாகாது. அதில் ஒரு பங்கு இச்செம்மண் பாதைகளில் அலைந்த சிப்பாய்களுக்கும் உரியது.

செஞ்சோற்றுக் கடன் என்பது உண்டவனை மட்டும் கட்டுவதன்று, இட்டவனையும் கட்டுவது. கும்பினி இரண்டாம் பாதியை மறந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு ஏற்று, கலகங்களை அடக்கி, ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டு வந்தவனை, அவன்மீது பகைமை கொண்டிருந்த ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு அடங்கியவனாக்க அது முற்பட்டது. தான் வென்று நிலைநிறுத்திய நாட்டில் பகைவனுக்குக் கைகட்டி நிற்க ஒருப்படாத யூசுப்கான், தன்னை வளர்த்த கும்பினியின் எதிரிலேயே மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். இதனைத் துரோகம் என்று எழுதிவைத்தவர்கள், முதல் துரோகம் எவருடையது என்று கேட்டாரில்லை.

1764 ஜூனில் கும்பினிப் படை மதுரைக் கோட்டையைத் தாக்கியபோது படுகாயமுற்று இறந்தவர்களுள் பிரெஸ்டனும் ஒருவன். செங்கற்பட்டில் தோளோடு தோள் நின்ற தோழன், மதுரையில் எதிரியாய் வந்து மாண்டான். இந்த ஒரு செய்தியை நினைக்கும்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. பீரங்கிகளுக்கு விழாத கோட்டை பட்டினியால் தளர்ந்தது. அக்டோபர் 13-ஆம் நாள், யூசுப்கான் தொழுகையில் இருந்தபோது என்பது வழக்கு, அவனுடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரனான மர்ச்சாந்தும் கூடி அவனைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். இரண்டு நாட்களில் நவாபின் ஆணைப்படி அவன் தூக்கிலிடப்பட்டான்.

வஞ்சம் தீர்க்க அவனுக்கு ஆயுள் இல்லை. மக்களோ அவனைக் கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலில் பாடினார்கள்; மதுரையிலே கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது; சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கம் இருக்கிறது. செங்கற்பட்டில் ஏரிக்கரைக் கோட்டையின் ஊடே இருப்புப்பாதை செல்கிறது. அவ்வழியே செல்லும் அன்பர்கள், எஞ்சியுள்ள மதிலைக் காணும்போது, அங்கே தன் கடனைத் தீர்த்துவிட்டுப் போன அந்தச் சிப்பாயை ஒரு கணம் எண்ணுவார்களாக.