வைக்கோல் கட்டுத் தோட்டம்

இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோலைப் பாதி மட்கச் செய்து, அதிலேயே காய்கறி நடும் முறை. இதை மண்ணில்லா வேளாண்மையின் ஒரு கிளையாக வகைப்படுத்துவதுண்டு, அது பொருந்தாது. ஊட்டக்கரைசலில் வளரும் செடிக்கு உப்புகள் கரைந்த நீரே போதும். இங்கோ நுண்ணுயிர்கள் வேலை செய்யாவிட்டால் கட்டு வெறும் வைக்கோலாகவே கிடக்கும். செடி காய்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வேரடியில் மட்கு உருவாவதால், இதை உரக்குழியோடு சேர்த்துப் பார்ப்பதே முறை.

2013-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்ட அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஜோயல் கார்ஸ்டனிடமிருந்தே பலரும் இதன் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். வீட்டுத் தோட்டங்களில் இதைப் பரப்பிய பெருமை அவருடையது, தொடக்கம் அவருடையதல்ல. இங்கிலாந்தின் கண்ணாடிக்குடில் விவசாயிகள் 1960-களிலேயே வணிக அளவில் இப்படிப் பயிர் செய்தார்கள். ஒரே மண்ணில் ஆண்டுதோறும் தக்காளியும் வெள்ளரியும் வைத்ததால் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோய்ப் பூஞ்சையும் அங்கே நிலைத்துவிட்டன. நீராவி பாய்ச்சி மண்ணைச் சுத்தம் செய்ய எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. எனவே நோய்பட்ட மண்ணைப் பாலித்தீன் விரிப்பால் மூடி, மேலே கட்டுகளை வரிசையாக அடுக்கி, நனைத்து உரமிட்டார்கள். மட்கும் சூடு குளிர்நாட்டு வேர்களுக்கு இதமாயிற்று. வெளிவந்த கரியமில வாயு குடிலுக்குள் தங்கி ஒளிச்சேர்க்கைக்கு உதவியது. 1970-களில் பீட் பைகளும், பிறகு பாறைக்கம்பளியும் வந்து கட்டுகளை ஓரங்கட்டின. கெட்டுப்போன மண்ணுக்கு மாற்றாகவே இம்முறை பிறந்தது. அந்த அளவுகோலால்தான் இதை எடைபோட வேண்டும்.

உரமும் நீரும் இவ்வளவு கொட்டுவானேன், தரையிலேயே நடலாமே என்பது வழக்கமான ஆட்சேபம். கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் உண்டு. நுண்ணுயிர்களுக்கு ஏற்றது 25 முதல் 30 பங்கு. பற்றாக்குறையை யூரியா போன்ற உரத்தால் ஈடுகட்டாவிட்டால் நாற்றுக்குச் சேர வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும், இலை வெளுத்துப்போகும். ஆகவே நடுவதற்கு முன் 10, 12 நாள் நனைத்து உரமிடுகிறார்கள். அப்போது கட்டின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. விரலை நுழைத்தால் சுடும். பக்கங்களில் சாம்பல் நிறக் காளான்கள் கிளம்பி ஓரிரு நாளில் கறுப்பு மையாய் உருகி வழியும். செடிக்கு அவற்றால் கேடில்லை. சூடு தணிந்தபின் நாற்று நடலாம். நல்ல மண் வைத்திருப்பவர் இந்தச் செலவில் இறங்கத் தேவையில்லை என்பது உண்மை. சிமெண்ட் தளமும், ஈயம் கலந்த நகர மண்ணும், நோய் குடியேறிய பாத்தியும் மட்டுமே உள்ளவருக்கோ தரையில் நடுவது என்ற வழியே இல்லை. செலவழித்த உரத்தின் ஒரு பகுதியும், பருவம் முடிந்து உளுத்துச் சரியும் கட்டில் மட்காக மிஞ்சுகிறது. மெய்யான ஆபத்து வேறு. தானிய வயலில் தெளித்த குளோபைரலிட், அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் காய்ந்த தாளிலும் தங்கி, தக்காளி, அவரைக் குருத்துகளைச் சுருட்டிவிடும். வயலில் தெளித்த மருந்தைக் கேட்டறியாமல் கட்டு வாங்கக் கூடாது.

இன்று இது பெரும்பாலும் வீட்டுத் தோட்ட முறையே. நெல் வைக்கோலிலும் செய்யலாம். தமிழ்நாட்டில் அது முதலில் மாட்டுத் தீவனத்துக்கே போகிறது.