தேனீக்களுக்கு நஞ்சாகும் பூக்கள்

தேனீக்களுக்கு நஞ்சாகும் பூக்கள் என்பன, தமது பூந்தேன் அல்லது மகரந்தத்தின் மூலம் தேனீக்களையோ அவற்றின் புழுக்களையோ கொல்லும் அல்லது நலிவுறச் செய்யும் பூக்கள் ஆகும். மனிதருக்கு மயக்கம் தரும் தேனும், தேனீக்குத் தீங்கு தரும் பூவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

காரணம்

இலையுண்ணும் உயிரிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தாவரங்கள் ஆல்கலாய்டு போன்ற வேதிப்பொருட்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் சில பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. விளைவு அளவைப் பொறுத்தது. காப்பிப் பூவின் தேனிலுள்ள சிறிதளவு காஃபீன், தேனீயின் நினைவாற்றலைக் கூட்டுவதாக 2013 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

எடுத்துக்காட்டுகள்

* ஆப்பிரிக்கத் துலிப் மரம்: தமிழ்நாட்டில் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் அழகுக்காக நடப்படுகிறது. இதன் செம்மஞ்சள் நிறப் பூக்களுக்குள் கொசுத்தேனீக்கள் இறந்து கிடப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலம் 2019 இல் இம்மரத்தை நடுவதற்குத் தடை விதித்தது.
* தேயிலை: இதன் பூந்தேன் தேனீக்களுக்கு நஞ்சாவது குறித்து 1986 இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினர். வளர்ந்த தேனீக்களைவிடப் புழுக்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.
* ரோடோடென்ட்ரான்: இவ்வினத்தைச் சேர்ந்த காட்டுப்பூவரசு நீலகிரியில் வளர்கிறது. ஐரோப்பாவில் காணப்படும் ஓர் இனத்தின் பூந்தேனிலுள்ள கிரேயனோடாக்சின், ஐரோப்பியத் தேனீயைக் கொல்கிறது. ஆனால் அங்குள்ள பெருவண்டுத்தேனீயைப் பாதிப்பதில்லை.

ஜவ்வாது மலையில்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் வேளாண்மையுடன் தேன், புளி முதலிய காடுபடு பொருட்களையும் சேகரிக்கின்றனர். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, கொசுத்தேனீ ஆகியவை தென்னிந்தியாவுக்கு உரியவை. நச்சுப் பூக்கள் மலரும் காலத்தில் பெட்டியில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயை வேறிடத்துக்கு மாற்றலாம். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீயை அவ்வாறு மாற்ற இயலாது. ஆதலால், இத்தகைய மலைப்பகுதிகளில் எந்த மரத்தை நடுவது என்பதே காட்டுத் தேனீக்களுக்கு முதன்மையான பாதுகாப்பாகும். அழகுக்கு வெளிநாட்டு மரங்களை நடுவதைவிட, தேனீக்கள் நாடும் புளி, நாவல், புங்கம், வேம்பு ஆகியவற்றை நடுவது ஏற்றது.

அறிகுறிகளும் தடுப்பும்

பூ நஞ்சினால் நேரும் இறப்பு, குறிப்பிட்ட மரம் பூக்கும் காலத்தில் ஆண்டுதோறும் திரும்ப நிகழும்; பூப்பு முடிந்ததும் குறையும். பூச்சிக்கொல்லி தெளித்த பின் தேனீக்கள் திடீரெனப் பெருமளவில் மடியும். புழுக்கள் மட்டும் இறந்தால் நோயாகவும் இருக்கலாம். 1991-92 இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் நச்சுயிரி நோய், இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பேரளவில் அழித்தது. எனவே காரணத்தைத் தெளிந்த பின்னரே பூவின் மீது பழி சுமத்த வேண்டும். பூ நஞ்சே காரணமெனில், பெட்டிகளை இடம் மாற்றுவதும், அப்பூக்காலம் முடியும் வரை சர்க்கரைப் பாகு ஊட்டுவதும் பயன் தரும்.