வெட்டியதே மிச்சம்

மேகி ஹாரிஸ் உடம்பு சரியில்லாமல் வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவர் எரிவாயுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அதிகாரி. அடுப்பைச் சரிபார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒருவர் குட்டை, பருமன், வாய் ஓயாதவர். மற்றவர் நெட்டை, ஒல்லி, ஒரு சொல்லும் பேசாதவர். நகைச்சுவை ஜோடி என்றே தோன்றும். திடீரென்று இருவரும் அவள் பக்கம் திரும்பி வாயைப் பிளக்கிறார்கள். உள்ளிருந்து வாயு சீறிக்கொண்டு வருகிறது. திரை முழுக்கப் பிளந்த வாயும் முறைத்த கண்களும். அவள் சரிந்து விழுகிறாள்.

கருப்பு வெள்ளையில் சில பத்து வினாடிகள்தான். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் ‘ஃப்யூரி ஃப்ரம் த டீப்’ என்ற ஆறு பகுதிக் கதையின் இரண்டாம் பகுதி. 1968 மார்ச் 23 அன்று ஒளிபரப்பானது. தொடரை அறிவியல் புனைவு என்பார்கள். காவல்துறைப் பெட்டிக்குள் ஏறிக் காலத்தைத் தாண்டும் ஒருவரின் கதையை மாயக்கதை என்று சொல்லவே எனக்குப் பிடிக்கும்.

அந்த இரண்டாம் பகுதி இன்று கிடையாது. ஆறு பகுதிகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஆனாலும் 2004-இல் வந்த ‘லாஸ்ட் இன் டைம்’ டிவிடியில் அந்தக் காட்சி மட்டும் தெளிவாக ஓடுகிறது. வீடு எரிந்துபோய் ஒரு ஜன்னல் மட்டும் கண்ணாடியோடு நிற்பதுபோல. அந்த ஜன்னலை யார் கழற்றி வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் லண்டனுக்குப் போகவில்லை, கான்பெராவுக்கும் போகவில்லை. டிவிடி, ஒலித்தட்டு, அச்சிட்ட புகைப்படங்கள், பழைய ரசிகர்களின் ஆய்வுகள் ஆகியவற்றை மேசையில் பரப்பிக்கொண்டு நடத்திய வேட்டை இது.

முதலில் எரித்தவர் யார் என்று பார்க்க வேண்டியிருந்தது. எரித்தவர் என்று ஒருவர் இல்லை, நடைமுறைதான் இருந்தது. அறுபதுகளில் நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகல வீடியோ நாடாவில் பதிவாயின. நாடா விலை அதிகம். அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்கத்துடன் இருந்த ஒப்பந்தத்தால் மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கருப்பு வெள்ளையை யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. நாடாக்களைப் பொறியியல் பிரிவு வைத்திருந்தது, படச்சுருள்களைத் திரைப்பட நூலகம் வைத்திருந்தது. எல்லாவற்றையும் காப்பது தன் வேலை என்று இரண்டுமே நினைக்கவில்லை. அறுபதுகளின் டாக்டர் ஹூ மூல நாடாக்களில் கடைசியாக அழிந்தவை இந்த ‘ஃப்யூரி’யின் நாடாக்கள். ஆண்டு 1974. இன்னும் நாலு வருஷம் தாங்கியிருந்தால் பிழைத்திருக்கும். 1978-இல்தான் பிபிசி விழித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குத் தேர்வாளர் ஒருவரை நியமித்தது.

வெளிநாட்டு விற்பனைக்காக 16 மில்லிமீட்டர் படச்சுருளிலும் பிரதிகள் எடுத்தார்கள். அவை ஊர் ஊராகச் சுற்றின. உரிமைக்காலம் முடிந்ததும் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டுச் சான்று அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். சொன்னபடி செய்யாத சோம்பேறிகளால்தான் பிற்காலத்தில் பல பகுதிகள் கிடைத்தன. ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது பகுதிகள். அந்த ஒன்பதை 2013 அக்டோபரில் அறிவித்தபோது, முதல் ஆறு ஆண்டுகளின் 253 பகுதிகளில் 97 இன்னும் காணாமல் இருந்தன. ‘ஃப்யூரி’ அந்த 97-க்குள் முழுசாக அடக்கம்.

என் முதல் சந்தேகம் ‘ப்ளூ பீட்டர்’ மீது. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி அது. காரணம் இருந்தது. 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான ‘த டென்த் பிளானட்’ நான்காம் பகுதியில், டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் தரையில் விழுந்து, முகம் ஒளியில் கரைந்து, பேட்ரிக் ட்ரவுட்டனாக மாறுகிறார். ஒரு நடிகரை மாற்றியும் தொடரை உயிரோடு வைத்திருக்கலாம் என்று காட்டிய இடம். பகுதி தொலைந்துவிட்டது, அந்த மாற்றம் மட்டும் இருக்கிறது. 1973 நவம்பரில் தொடரின் பத்தாண்டு நிறைவுக்காக ப்ளூ பீட்டர் அதை எடுத்துக் காட்டியதுதான் காரணம். எடுத்தவர்களே தொலைத்தார்கள் என்று வெகுகாலம் பேசினார்கள். அது பழி. நூலகத்திலிருந்து ப்ளூ பீட்டர் இரவல் வாங்கித் திரும்பாமல் போனது வேறு பகுதி: ‘த டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்’ கதையின் நான்காவது. இதற்கிடையே 1992-இல் ஒருவர், அந்த டென்த் பிளானட் பகுதி தன்னிடம் இருப்பதாக பிபிசிக்குச் சொன்னார். ரோஜர் பேரட் என்று பெயர் கொடுத்தார். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் சிட் பேரட்டுடைய இயற்பெயர் அது என்று தெரிந்தவர்கள் அப்போதே சிரித்திருப்பார்கள்.

மேகியின் காட்சியும் இப்படி வேறொரு நிகழ்ச்சிக்குப் போன மேற்கோளாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். திரும்பத் திரும்ப ஓட்டியபோது நம்பிக்கை தளர்ந்தது. சிறுவர்களுக்கு நினைவூட்ட எடுக்கும் துண்டில் நாயகன் இருப்பான், அல்லது அரக்கன் இருப்பான். இதில் டாக்டரே இல்லை. துண்டுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ரசித்து எடுத்தவர் கை இப்படி வெட்டாது. பயம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே தொடங்கி, எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடுகிறது. கோடு கிழித்தவர், இது பார்க்க வேண்டியது என்பதற்காகக் கிழிக்கவில்லை.

சென்சார் என்று அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஏபிசி ஒளிபரப்பு நிறுவனம் இந்தத் தொடரை வாங்கியது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் காட்ட, திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டியிருந்தது. வாரியம் அதிகம் பயமுறுத்தும் இடங்களைக் குறித்து வெட்டச் சொல்லும். ஏபிசி வெட்டும். வெட்டியாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. வெட்டிய துண்டையே அத்தாட்சியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் அதை வாங்கிக் கோப்பில் போடும். அரசாங்கக் கோப்பு என்றால் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: ஒருமுறை உள்ளே போனதை வெளியே எறிய யாருக்கும் அதிகாரம் இருக்காது. அந்தக் கோப்புகள் காலப்போக்கில் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1996 அக்டோபரில் டேமியன் ஷனஹன், எலன் பாரி என்ற இரண்டு ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவற்றைத் தோண்டி, துண்டுச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். மேகியின் காட்சி அதில் ஒன்று.

முழுப் பிரதி இன்று கிடைக்கவில்லை. குழந்தைகள் பார்க்கவே கூடாது என்று பிரித்த துண்டு, இருபத்தேழு வருஷத்துக்கு மேல் அரசாங்கச் செலவில் பத்திரமாக இருந்தது. ஏடு தேடியவர்கள் யாரும் கறையானுக்கு நன்றி சொன்னதில்லை. எனக்கோ வெட்டியவருக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலை.

பெட்டியிலிருந்து எடுத்தால் மட்டும் ஓடாது. 16 மில்லிமீட்டர் சுருளில் ஒலி, படத்தின் ஓரத்தில் ஒளித்தடமாக இருக்கும்; ஆனால் அந்தந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்காது. படக்கருவியில் ஒலியைப் படிக்கும் இடம் ஒளி விழும் வாசலுக்கு அப்பால் இருப்பதால், ஒலியை 26 சட்டங்கள் முன்தள்ளி அச்சிடுவார்கள். ஏறத்தாழ ஒரு வினாடி. ஆகவே கத்தரி போட்ட துண்டில் முதல் வினாடிப் படத்துக்கு உரிய ஒலி இருக்காது. அது வெட்டுக்கு முன்னால் இருந்த சுருளோடு போய்விட்டது. துண்டின் கடைசி வினாடியில் ஓரமாக ஓடும் ஒலியோ, துண்டில் இல்லாத படத்துக்கு உரியது. பார்த்து வெட்டியவருக்குக் காது சம்பந்தமான கவலை இல்லை.

இந்த ஒரு வினாடியை ஈடுகட்டியது இன்னொரு கூட்டம். வீட்டில் வீடியோ பதிவுக்கருவி இல்லாத காலம். பிரிட்டனில் சில பையன்கள் வாராவாரம் தொடரை ஒலிநாடாவில் பதிவுசெய்தார்கள். பெரும்பாலோர் ஒலிவாங்கியைப் பெட்டிமுன் வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கெட்டிக்காரர் ஒருவர் பெட்டியின் மின்சுற்றுக்குள்ளேயே கம்பியை இணைத்துவிட்டார். இவர்களால்தான் தொலைந்த அத்தனை பகுதிகளுக்கும் முழு ஒலி இருக்கிறது. ஜான் கியூரா என்பவர் தொலைக்காட்சித் திரையைக் குறிப்பிட்ட இடைவெளியில் புகைப்படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றார்; வீடியோ இல்லாத காலத்தில் தம் வேலையைக் காட்ட அவர்களுக்கு வேறு வழியில்லை. பகுதிக்கு அறுபது எழுபது படங்கள். பிபிசி வாங்கிய தொகுப்பு, ரெடிங் நகரை ஒட்டிய கேவர்ஷாமில் உள்ள எழுத்து ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ‘ஃப்யூரி’யின் படங்களும் அதில் உண்டு.

ஒலித்தட்டையும் படங்களையும் துண்டுகளையும் அடுக்கிப் பார்த்தபோது கதை புரிந்தது. எழுதியவர் விக்டர் பெம்பர்ட்டன், இயக்கியவர் ஹியூ டேவிட். வடகடலில் எடுத்த இயற்கை எரிவாயு பிரிட்டனின் கரைக்கு முதன்முதலாக வந்தது 1967-இல். அடுத்த வருஷமே கதையில் அந்தக் குழாய்க்குள் ஏதோ துடிக்கிறது: நுரையும் கடற்பாசியுமாக, மனிதர்களை ஆட்கொள்ளும் ஒன்று. வீட்டு அடுப்பில் எரியப்போவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஜனங்களிடம், அடுப்பைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று இரண்டு பேரை அனுப்புகிறார் பெம்பர்ட்டன். தணிக்கையாளருக்கு உறுத்தியது பிளந்த வாய். எனக்கு அதைவிட உறுத்துவது அந்தக் கதவைத் திறந்துவிட்ட நம்பிக்கை.

இந்த வகையில் பிழைத்த மற்ற துண்டுகளையும் பார்த்தேன். ‘த மேக்ரா டெரர்’ கதையில் பெண்ணைப் பற்றும் நண்டுக் கொடுக்கு. ‘த ஸ்மக்லர்ஸ்’ கதையில் கொலைகள். அதிலேயே ஊறியிருந்தால், அறுபதுகளின் டாக்டர் ஹூ மூச்சுவிட நேரமில்லாத கொலைத்தொடர் என்றே நம்பிவிடுவோம். ஒலிநாடாவைக் கேட்டால் முக்கால்வாசி நேரம் அறைகளில் நின்று பேசுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், டீ குடிக்கிறார்கள். ஆஸ்திரேலிய வாரியம் நமக்குத் தந்திருப்பது தன் அச்சங்களின் தொகுப்பை. அது ஒரு நாடகத்தின் மாதிரி ஆகாது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி பிழைத்தவற்றில் இல்லை. மூன்றாம் பகுதியின் முடிவு, மார்ச் 30. கடற்பாசியின் பிடியில் முழுசாக அகப்பட்ட மேகி, கடற்கரையில் நிலையத் தலைவர் ராப்சனோடு பேசுகிறாள். பேச்சு முடிந்ததும் தண்ணீரை நோக்கி நடக்கிறாள். நிற்காமல், திரும்பாமல், தலை மறையும்வரை. ரத்தமில்லை, அலறல் இல்லை, யாரும் யாரையும் தொடுவதுகூட இல்லை. கோப்பில் கிடைத்த துண்டுகளில் அந்த நடை இல்லை. கத்தரிக்குச் சிக்கியிருந்தால் இன்று பார்த்துக்கொண்டிருப்போம்.

2020-இல் ஆறு பகுதிகளையும் பழைய ஒலியின்மேல் அசைவோவியமாக வரைந்து வெளியிட்டார்கள். அதில் மேகி கடலுக்குள் போகிறாள், வரைந்த மேகி. அதை ஒருமுறை பார்த்ததோடு சரி. கியூராவின் படங்களையும் ஒலித்தட்டையும்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். ஒலியில் ஒரு சிக்கல் உண்டு. பேசாமல் நடக்கும் ஒருத்தியை ஒலிநாடா பிடிக்காது. வசனம் ஓய்ந்ததும் அவள் அதில் இல்லை. அதனால்தான் ஒலித்தட்டில், தொடரில் ஜேமியாக நடித்த ஃப்ரேஸர் ஹைன்ஸ் அங்கங்கே குறுக்கிட்டு என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அவள் தண்ணீருக்குள் போவதையும் அவர்தான் சொல்கிறார். அந்த இடத்தில் நான் படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.