எரிந்தது எது? நின்றது எது?

நடுவர் அவர்களே! 'அரசன் ஆதரிச்சாத்தான் கலை வளரும்'னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். பிரான்ஸ் தேசத்து ழான் ரசீன் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1639-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்தவர். படிக்க வைத்தது போர்ட் ராயல் மடத்துப் பெரியவர்கள். அவர்களுக்கு நாடகம் என்றாலே பாவம்! அதையும் மீறி எழுதினார். 1664 முதல் 1677 வரை, 13 வருஷத்தில் 10 நாடகங்கள் மேடையேறின.

1677-ல் பதினான்காம் லூயி மன்னர் அவரை அரசவை வரலாற்று ஆசிரியர் ஆக்கினார். பதவி வந்தது, பணம் வந்தது. நாடகம்? 12 வருஷம் ஒன்றுகூட இல்லை! எதிரிகளின் சூழ்ச்சி, பக்தி, கல்யாணம் என்று வேறு காரணங்களும் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனா, படையோடு போய் மன்னரின் போரைக் குறிப்பெடுத்த கைக்கு நாடகம் எழுத நேரம் ஏதய்யா?

பிறகு மன்னரின் மனைவி கேட்டு, பள்ளி மாணவிகளுக்காக இரண்டு நாடகம் எழுதினார். அதற்கு மட்டும் எதிரணி கைதட்டிக்கொள்ளலாம்! 1699-ல் மறைந்தார்.

மன்னருக்காக எழுதிய வரலாறு என்னாச்சு? 1726-ல் ஒரு வீட்டுத் தீ விபத்தில் பெரும்பகுதி சாம்பலாச்சு. 1677-ல் அரங்கேறிய அவருடைய 'ஃபேத்ரா' நாடகமோ இன்னைக்கும் மேடை ஏறுது. பதவிக்காக எழுதினது எரிஞ்சுபோச்சு; மனசு சொல்லி எழுதினது நிக்குது. தீர்ப்பு உங்கள் கையில்.